காலவழுவில் பிறக்கும் சிரிப்பு: 'லே விஸித்தர்' வழியே ஓர் அறிமுகம்

'நேற்று வருவான்' என்று ஒருவர் எழுதினால் அதைக் காலவழு என்கிறது தமிழ் இலக்கணம். நன்னூல் எண்ணிச் சொல்லும் ஏழு வழுக்களுள் அது ஒன்று. சொல்லும் காலமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பதே அந்த வழுவின் இயல்பு. காலப்பயண நகைச்சுவைப் படம் என்றால் என்ன என்று புதிதாகக் கேட்பவரிடம், ஒரு தொடரில் நேரும் இந்த வழு ஒரு மனிதனுக்கே நேர்ந்துவிட்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்வேன். அவன் பேசும் பேச்சில் பிழை இல்லை. அவன் நடந்துகொள்ளும் முறையிலும் அவன் காலத்துக் கணக்கில் குறை ஏதும் இல்லை. அவன் நிற்கும் காலம் மட்டும் மாறிப்போயிருக்கிறது. அந்த ஒரு பொருத்தமின்மையால் அவனுடைய ஒவ்வொரு சொல்லும் செயலும் சுற்றியிருப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகவும், பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குச் சிரிப்பாகவும் ஆகிவிடுகின்றன.

இந்த வகையைப் புரிந்துகொள்ள 1993 ஜனவரியில் பிரான்சில் வெளியான 'லே விஸித்தர்' என்ற படத்தை எடுத்துக்கொள்வது நல்லது. பெயருக்கு 'வந்து செல்பவர்கள்' என்று பொருள் கொள்ளலாம். ழான்-மாரி புவாரே இயக்கிய இப்படத்தின் கதையை அவரும் நடிகர் கிறிஸ்டியான் க்ளாவியேயும் சேர்ந்து எழுதினார்கள். ஏறத்தாழ 5.7 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில், திரையரங்குகளில் மட்டும் ஒரு கோடியே 37 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. உலகெங்கும் 'ஜுராசிக் பார்க்' படத்தின் டைனோசர்கள் திரையரங்குகளை ஆண்ட அந்த ஆண்டில், பிரான்சில் மட்டும் இந்தப் படமே முதலிடம் பிடித்தது. இத்தனை பேரை ஒரே விஷயம் சிரிக்க வைத்திருக்கிறது என்றால், காலத்தைத் தாண்டும் விந்தை மட்டுமே அதற்குக் காரணமாக இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

கதை 1123ஆம் ஆண்டில் தொடங்குகிறது. உடல் பருமனால் 'பருத்தவர்' என்று அழைக்கப்பட்ட ஆறாம் லூயி ஆண்ட காலம் அது. அவரது ஆட்சி 1108 முதல் 1137 வரை நீடித்தது. அரசரின் உயிரைக் காத்த வீரன் கோத்ஃப்ருவாவுக்கு மோன்மிராய் பிரபு என்ற பட்டம் கிடைக்கிறது. அவன் விரும்பிய ஃப்ரெனெகோந்த் என்ற பெண்ணை மணக்கவும் அனுமதி கிடைக்கிறது. ஆனால் ஒரு சூனியக்காரியின் சூழ்ச்சியால் அவன் குடித்த பானம் மயக்கத்தை உண்டாக்க, எதிரே வரும் மணமகளின் தந்தை அவன் கண்ணுக்குக் கரடியாகத் தெரிகிறார். குறுக்குவில்லால் அவன் எய்த அம்பு அவரைக் கொன்றுவிடுகிறது. தந்தையைக் கொன்றவனை மகள் எப்படி மணப்பாள்? அந்த அம்பு வில்லைவிட்டுக் கிளம்பிய நொடிக்குச் சற்று முன்னால் தன்னைத் திருப்பி அனுப்பும்படி கோத்ஃப்ருவா ஒரு மந்திரவாதியை வேண்டுகிறான். மந்திரவாதியோ வயதானவர், மருந்தில் சேர்க்க வேண்டிய காடை முட்டையை மறந்துவிடுகிறார். அதனால் கோத்ஃப்ருவாவும் அவனுடன் மருந்தைக் குடித்த ஏவலாள் ழாக்கூயும் அந்த நொடிக்குப் பின்னோக்கிச் செல்வதற்குப் பதிலாக, ஏறத்தாழ 870 ஆண்டுகள் முன்னோக்கி எறியப்பட்டு, 1990களின் தொடக்கத்துப் பிரான்சில் வந்து விழுகிறார்கள்.

இங்கே புதியவர் முதலில் கவனிக்க வேண்டியது, அந்தப் பயணத்தின் கருவி எவ்வளவு எளியது என்பதாகும். ஒரு கோப்பை மருந்து, மறந்துபோன முட்டை, அவ்வளவுதான். அறிவியல் புனைகதை காலப்பயணத்தைக் கையாளும்போது, அந்த இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பதை ஓரளவு நம்பும்படியாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. நகைச்சுவைக்கு அந்தக் கடமை இல்லை. வாயிலை ஐந்து நிமிடங்களில் கடந்துவிட்டு, மிச்சமுள்ள நேரம் முழுவதையும் வாயிலுக்கு அப்பால் செலவிடுவதே அதன் முறை. மருந்து தயாரிப்பில் நேர்ந்த பிழையே கதைக்கு வித்தாவதும் தற்செயலன்று. திட்டமிட்டுப் பயணம் போகிறவன் ஆயத்தமாகப் போகிறான். பிழையால் போகிறவனிடம் எந்த ஆயத்தமும் இல்லை. அவன் முதன்முதலில் காண்பதை நாமும் அவனுடன் சேர்ந்தே காண்கிறோம்.

இடம் மாறவில்லை, காலம் மட்டுமே மாறியது என்பது அடுத்து நினைவில் கொள்ள வேண்டியது. அவர்கள் வந்து சேர்வது தங்கள் சொந்த ஊருக்குத்தான். கோட்டையும் அங்கேயே இருக்கிறது. ஆனால் சாலையில் வரும் மஞ்சள் நிறத் தபால் வண்டியை அவர்கள் பேயின் தேர் என்று எண்ணி வாளால் தாக்குகிறார்கள். சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிவதைக் கண்டுகொண்ட ழாக்கூய், 'பகல், இரவு, பகல், இரவு' என்று கூவிக்கொண்டே அதைத் தட்டித் தட்டி விளையாடுகிறான். கழிப்பறைப் பீங்கானில் தேங்கியிருக்கும் நீர் அவர்களுக்குக் கைகால் கழுவும் ஊற்றாகத் தெரிகிறது. உணவு மேசையில் எசமானர் அமர்ந்திருக்க, ஏவலாள் தரையில் குந்தியிருந்து, அவர் போடும் துண்டுகளைத் தின்கிறான்.

இவற்றை எல்லாம் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. வண்டியும் விளக்கும் பீங்கானும் பொருள்களைப் பற்றிய அறியாமையால் விளையும் சிரிப்பு. அது விரைவில் தீர்ந்துவிடும்; மனிதன் பொருள்களை மிக விரைவாகக் கற்றுக்கொள்வான். தரையில் குந்தி உண்பது அப்படிப்பட்டதன்று. அது இலக்கணத்தின் மொழியில் காலவழு என்பதைத் தாண்டி மரபுவழு என்ற பகுதிக்குள் செல்கிறது. யார் எங்கே அமர வேண்டும், யார் யாரை எப்படி விளிக்க வேண்டும், யாருக்கு யார் உடைமை என்பதைப் பற்றிய மரபு அங்கே குலைகிறது. 12ஆம் நூற்றாண்டில் எவருடைய கண்ணையும் உறுத்தாத அந்தக் காட்சி, 20ஆம் நூற்றாண்டுச் சாப்பாட்டறையில் விருந்தளிப்பவரைக் கூசிப் போக வைக்கிறது. இந்த இரண்டாம் வகைச் சிரிப்பே ஒரு காலப்பயண நகைச்சுவையைக் கடைசிவரை இழுத்துச் செல்லும் வலிமை உடையது. முதல் வகையை மட்டும் நம்பிய படங்கள் அரைமணி நேரத்தில் மூச்சுத் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இங்கே இருக்கிறது. அந்தத் தபால் வண்டியை ஓட்டிவருபவர் கறுப்பினத்தவர். அவரைக் கண்டதும் அவர்கள் 'சராசன்' என்று, சிலுவைப் போர்க் காலத்தில் இசுலாமியரைக் குறித்த பெயரால், கூவுகிறார்கள். பாத்திரங்களின் அறியாமைதான் அங்கே சிரிப்புக்கு உரியது என்று வாதிடலாம். ஆனால் அடிபட்டு ஓடுபவர் தம் வேலையைச் செய்துகொண்டிருந்த ஓர் ஊழியர். அவருக்குக் கதையில் வேறு எந்த இடமும் தரப்படவில்லை. இன்று அந்தக் காட்சி எனக்குச் சிரிப்பைத் தருவதில்லை.

காலப்பயண நகைச்சுவைக்கு இரண்டு திசைகள் உண்டு. இன்றைய மனிதன் பழங்காலத்துக்குப் போவது ஒன்று. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1889இல் வெளியிட்ட நாவலில் ஒரு தொழிற்சாலை மேற்பார்வையாளன் ஆர்தர் மன்னனின் அவைக்குப் போய்ச் சேர்வது இந்த வகை. அங்கே வந்தவனுக்குச் சுற்றியுள்ள எல்லோரையும்விட அதிகம் தெரியும். பழங்காலத்தவன் இன்றைக்கு வருவது மற்றொன்று. அதில் வந்தவனுக்கு எதுவும் தெரியாது. ஆனால் நாம் பார்க்கத் தவறியவை அவன் கண்ணில் படும். பிரெஞ்சு இலக்கியம் இந்த இரண்டாம் முறையை நெடுங்காலமாக வேறு வடிவத்தில் பழகி வந்திருக்கிறது. 1721இல் மோந்தெஸ்கியூ வெளியிட்ட 'பாரசீகக் கடிதங்கள்' என்ற நூலில் பாரசீகத்திலிருந்து பாரிசுக்கு வந்த இருவர், அந்த நகரத்து மக்களின் பழக்கவழக்கங்களைக் கண்டு வியந்து ஊருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அயலவரின் கண்ணைக் கடன் வாங்கித் தம் வீட்டைத் தாமே பார்த்துக்கொள்ளும் உத்தி அது. 'லே விஸித்தர்' படத்தில் வருபவர்களும் அயலவர்களே; ஆனால் அவர்களைப் பாரசீகத்திலிருந்து அழைத்துவரத் தேவையிருக்கவில்லை, அந்த வீட்டின் பாட்டன்மாரே அயலவர்களாக வந்து நிற்கிறார்கள்.

படத்தின் உண்மையான நுட்பம் இங்கேதான் தொடங்குகிறது. கோத்ஃப்ருவா தன் வழித்தோன்றலான பெயாத்ரிஸைச் சந்திக்கிறான். அவளோ அவனை, நெடுநாள் முன் காணாமற்போன தன் உறவினன் ஊபேர் என்று நினைத்து வீட்டுக்குள் ஏற்றுக்கொள்கிறாள். மறைந்துபோன மோன்மிராய் குலப் பெருமையின் எச்சமாக இருக்கும் அவள் இப்போது ஒரு பல்மருத்துவரின் மனைவி. கோட்டை அவள் குடும்பத்தின் கையைவிட்டுப் போய்விட்டது. அதை ஆடம்பர ஹோட்டலாக மாற்றி நடத்துபவன் ழாக்-ஆன்ரி ழாக்கார் என்ற செல்வந்தன். அவன் யார் என்றால், ஏவலாள் ழாக்கூயின் வழித்தோன்றல். எசமானரின் பேத்தி விருந்தாளியாகக்கூட நுழையத் தயங்கும் கோட்டைக்கு ஏவலாளின் பேரன் உரிமையாளன்.

ஃப்ரெனெகோந்த், பெயாத்ரிஸ் ஆகிய இருவராகவும் வலேரி லெமெர்சியேயும், ழாக்கூய், ழாக்கார் ஆகிய இருவராகவும் க்ளாவியேயும் நடித்திருப்பது வெறும் சிக்கனம் அன்று. எட்டு நூற்றாண்டு வம்சாவளியை விளக்க ஒரு சொல்லும் தேவைப்படாதபடி, முகமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பட்டுக் கழுத்துக்குட்டையுடன் நாசூக்காக நிற்கும் ழாக்காருக்கு எதிரே, சொத்தைப் பல்லும் நாற்றமுமாக அதே முகம் நிற்கிறது. அவன் அருவருத்து விலகுகிறான். தன் பாட்டனையே தான் விரட்டுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். உயர்குடிப் பெண்களின் இழுவையான உச்சரிப்பை அப்படியே பிடித்துக் காட்டிய லெமெர்சியேவுக்குச் சிறந்த துணை நடிகைக்கான செஸார் என்ற பிரெஞ்சுத் திரைப்பட விருது 1994இல் கிடைத்தது. கோத்ஃப்ருவாவாக நடித்த ழான் ரெனோவோ ஒரு நொடிகூடச் சிரிக்க முயலாமல், துன்பியல் நாடகத்தில் நடிப்பவரைப் போல் முழு விறைப்புடன் நிற்கிறார். படத்தின் மற்றெல்லாக் கோமாளித்தனமும் சாய்ந்து நிற்பது அந்தத் தூணின் மேல்தான்.

பெயர்களிலும் இந்த வரலாறு ஒளிந்திருக்கிறது. ழாக் என்பது பிரான்சில் குடியானவனுக்கு மேட்டுக்குடியினர் வைத்த பொதுப்பெயர்; 1358இல் வட பிரான்சில் வெடித்த உழவர் கிளர்ச்சிக்கு 'ழாக்ரி' என்ற பெயர் வந்ததும் அதனால்தான். ழாக்கூய் என்ற பெயருக்குள்ளோ விரையைக் குறிக்கும் கொச்சைச் சொல் ஒன்று கேட்கிறது. செல்வம் சேர்ந்த பிறகு அந்தப் பெயரைத் தேய்த்து மழுப்பி ழாக்கார் என்று ஆக்கிக்கொண்ட குடும்பம் அது. எசமானரின் பெயரில் ஊரின் பெயர் ஒட்டியிருக்கிறது, ஏவலாளின் பெயரில் வசவு ஒட்டியிருக்கிறது என்பதைப் பிரெஞ்சுப் பார்வையாளர் எவரும் விளக்கமில்லாமலே உணர்வார்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மொழியை அப்படியே பேசியிருந்தால் திரையரங்கில் ஒருவருக்கும் புரிந்திருக்காது. அக்காலத்துக் காப்பியங்களை இன்றைய பிரெஞ்சு மாணவர்கள் மொழிபெயர்ப்பின் துணையோடுதான் படிக்கிறார்கள். ஆகவே பழமையின் வாசம் மட்டும் வீசும் ஒரு கலப்பு மொழியைக் கதாசிரியர்கள் புனைந்தார்கள். நாறுகிறது என்று சொல்ல, இல்லாத ஒரு வினைவடிவத்தை ழாக்கூய் உண்டாக்கிச் சொல்கிறான். கேட்பவருக்குப் புரிந்தும் விடுகிறது. கோத்ஃப்ருவா தன் போர்முழக்கத்தின் முடிவில் 'நான் தளர்ந்தால் மாண்டுபோவேனாக' என்கிறான். ழாக்கூய் இக்காலத்திலிருந்து முதலில் பற்றிக்கொள்ளும் சொற்களுள் ஒன்று 'ஓகே'. அதை அவன் நீட்டி முழக்கிச் சொன்ன விதம் பிரான்சு முழுவதும் பரவி, பள்ளிக்கூட வாசல்கள் வரை ஒலித்தது. எசமானர் பழைய மொழியைக் கடைசிவரை விடவில்லை, ஏவலாள் புதிய மொழியை ஆசையோடு அள்ளிக்கொள்கிறான். இந்த வேறுபாட்டை ஒரு பார்வையாளர் கவனித்துவிட்டால் படத்தின் பிற்பாதி முழுவதும் அவருக்குத் திறந்துகொள்ளும்.

ஏனென்றால் இருவரும் ஒரே மருந்தைக் குடித்து, ஒரே காலத்தில் வந்து விழுந்தாலும், அவர்கள் வந்து சேர்ந்த உலகம் ஒன்றன்று. கோத்ஃப்ருவாவுக்கு இது எல்லாம் பறிபோன காலம். ழாக்கூயின் கண்ணிலோ, அவன் கனவிலும் காணாத விடுதலை நிற்கிறது. இடையில் என்ன நடந்தது? 1789 நடந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் இரவு தேசிய அவை நிலப்பிரபுத்துவச் சலுகைகளை ஒழிப்பதாக அறிவித்தது. 1790 ஜூனில் பரம்பரைப் பட்டங்களும் நீக்கப்பட்டன. நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களின் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டு விற்கப்பட்டன. படம் 1123இலிருந்து நேரே 1990களுக்குத் தாவிவிடுவதால் பிரெஞ்சுப் புரட்சியின் ஒரு காட்சியும் அதில் இல்லை. ஆனால் திரையில் காட்டப்படாத அந்த ஆண்டுதான் ஒவ்வொரு சிரிப்புக்கும் அடியில் கிடக்கிறது. இனி எவரும் எவருக்கும் அடிமை இல்லை என்பதைத் தெரிந்துகொண்ட ழாக்கூய், வீடற்று அலையும் ழினெத் என்ற பெண்ணோடு நட்பாகி, திரும்பிப் போக மறுத்துவிடுகிறான். அவன் மறுப்பில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இனி தருக்கச் சிக்கலுக்கு வருவோம். காலப்பயணக் கதைகளில் பொதுவாக இரண்டு விதிகளில் ஒன்று செயல்படும். நடந்தது நடந்ததுதான், பயணி செய்வதும் அந்த நடந்ததன் பகுதியே என்பது முதல் விதி. பயணி போய் மாற்றினால் வரலாறு மாறும் என்பது இரண்டாம் விதி. இரண்டாம் விதியில், ஒருவன் பின்னோக்கிப் போய்த் தன் பாட்டனின் திருமணத்தைத் தடுத்துவிட்டால் அவன் பிறந்திருக்கவே மாட்டான், பிறக்காதவன் எப்படிப் போய்த் தடுத்தான் என்ற முரண் எழும். 'லே விஸித்தர்' இரண்டு விதிகளையும் ஒரே நேரத்தில் கையாள்கிறது. பெயாத்ரிஸ் உயிரோடு இருக்கிறாள் என்றால் கோத்ஃப்ருவா திரும்பிப் போய், ஃப்ரெனெகோந்தை மணந்து, பிள்ளைகள் பெற்றிருக்க வேண்டும். ஆகவே அவன் வெற்றி முன்பே உறுதி. இது முதல் விதி. ஆனால் அவன் திரும்பிப் போய் அம்பின் பாதையை மாற்றி, இறந்துபோன மாமனாரைப் பிழைக்க வைக்கிறான். இது இரண்டாம் விதி. மாமனார் இறக்கவே இல்லை என்றால் மந்திரவாதியைத் தேடிப் போக வேண்டிய காரணமும் இல்லாமல் போகிறது. படம் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில்லை. ஆயினும் காலம் தன்மேல் மடியும்போது ஏதோ ஒன்று கோணலாகும் என்பதை ஒரு மோதிரத்தின் வழியே காட்டுகிறது: கோத்ஃப்ருவா விரலில் அணிந்திருக்கும் மோதிரமும், நூற்றாண்டுகள் கடந்து கோட்டையில் எஞ்சியிருக்கும் அதே மோதிரமும் ஒன்றையொன்று நெருங்கும்போது விபரீதங்கள் நிகழ்கின்றன. ஒரே பொருள் ஒரே காலத்தில் இரண்டாக இருக்கக் கூடாது என்ற கருத்தை விரிவுரை இல்லாமல் சொல்லிவிடும் அழகான உத்தி அது. 'இதோ வந்துவிட்டேன்' என்று வீட்டுக்குள் இருந்துகொண்டே குரல் கொடுப்பதை இலக்கணம் காலவழுவமைதி என்று ஏற்றுக்கொள்வதைப் போல, பயன் கருதி நாமும் இந்த முரண்களை அமைத்துக்கொள்கிறோம்.

கதையை வேறு நாட்டுக்குப் பெயர்த்தபோது நேர்ந்தது இந்த விளக்கத்துக்கு ஒரு சான்று. 2001இல் இதே இயக்குநர், ரெனோ, க்ளாவியே ஆகியோரைக் கொண்டே அமெரிக்காவில் இது மறுபடியும் எடுக்கப்பட்டது. பிரபுவும் ஏவலாளும் இம்முறை சிகாகோவில் வந்து விழுந்தார்கள். படம் வெற்றி பெறவில்லை. வாகனங்களும் கழிப்பறைகளும் சிகாகோவிலும் உண்டு. அறியாமையால் விளையும் சிரிப்பு அங்கும் கிடைத்தது. ஆனால் ஏவலாளின் பேரன் வாங்கிவிட்ட கோட்டை அங்கே இல்லை, இழந்த எசமானரும் உயர்ந்த ஏவலாளும் ஒரே ஊரில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்த எண்ணூறு ஆண்டு நினைவும் இல்லை. பிரான்சிலேயே எடுக்கப்பட்ட தொடர்ச்சிகளில் 1998இல் வந்தது, தவறான ஆள் தவறான காலத்தில் தங்கிவிட்டதால் காலத்தின் வழி மூடாமல் கிடக்கிறது என்பதை வைத்துக் கதை பின்னியது. 2016இல் வந்த மூன்றாம் படம் அவர்களை நேராகப் புரட்சியின் பயங்கர ஆட்சி நடந்த 1793க்கே கொண்டுபோனது. முதல் படம் தாண்டிக் குதித்த அந்தப் பள்ளத்தில் 23 ஆண்டுகள் கழித்து இறங்கிப் பார்த்தார்கள். ஆனால் காட்டாமல் விட்டபோது அதற்கிருந்த ஆற்றல், காட்டியபோது இல்லை என்பதே என் மதிப்பீடு.

படம் பிரபுவின் பக்கமா, ஏவலாளின் பக்கமா என்ற கேள்வி நியாயமானது. கோத்ஃப்ருவாவுக்கு வீரமும் கம்பீரமும் தரப்பட்டிருக்கின்றன. ழாக்கூய்க்கு அழுக்கும் திருட்டுக் கையும். ழாக்காருக்கோ பகட்டும் பயமும். இந்தப் பங்கீடு மேட்டுக்குடியின் மேல் சாய்வதை மறுக்க முடியாது. ஆனால் திரும்பிப் போவதற்கான மருந்தைக் குடிக்க வேண்டிய நேரத்தில் ழாக்கூய் செய்யும் தந்திரத்தைப் பார்த்தால் தராசு அவ்வளவு எளிதாக நிற்பதில்லை. தன்னைப் போலவே முகம் கொண்ட ழாக்காருக்குத் தன் கந்தலை உடுத்தி, தனக்குப் பதிலாக அவனை எசமானரோடு அனுப்பிவிடுகிறான். கோத்ஃப்ருவா அம்பைத் திருப்பி, மணமகளை அணைத்துக்கொண்டு குதிரையேறுகிறான். ஹோட்டல் முதலாளி ழாக்கார் 12ஆம் நூற்றாண்டுச் சேற்றில் கண் விழிக்கிறான். சுற்றிலும் நிற்பவர்களுக்கு அவன் முகம் தெரிந்த முகம்தான். அந்த முகத்துக்கு உரிய வேலையும் அவர்களுக்குத் தெரியும். தான் யார் என்று அவன் கத்திக் கத்திச் சொல்கிறான். ஏவலாளின் உளறலை நின்று கேட்பவர் அங்கே எவரும் இல்லை.